நனைந்த மருந்து வெடிக்குமா?

நம் கடைப் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் வழி தவறி வருகிறவர்கள். புதிதாகக் கவுண்டரில் நிற்க வந்திருக்கிற பிள்ளைகளே, முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்துக் கடை பாமசி. இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு. மழைக் காலத்தில் ஹட்டன் பஸாரில் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்களுக்குப் பெயர்ப்பலகையா தெரியப்போகிறது? விறுவிறுவென்று ஏறி வந்து, "மருந்து இருக்குங்களா?" என்பார்கள். சுவரில் சாத்தியிருக்கிற துவக்குகளை, அந்தத் துப்பாக்கி வரிசையை, அதற்குப் பிறகுதான் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் நன்றாகச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எனக்கு வெறும் இருமல்தான் தங்கச்சி, இவ்வளவு பெருசு வேணாம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கு முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

துவக்குக் கடையில் பொம்பளைக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். மூன்று மொழியும் எழுத வாசிக்கத் தெரியும் என்பதால் முதலாளி எடுத்துக்கொண்டார். வந்த புதிதில் உள்ளே நுழைகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்பார்கள். "இருக்காங்க, அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கேன்" என்பேன். என் வாய் கொஞ்சம் நீளம்தான். போகப் போக அவர்களுக்கும் பழகிவிட்டது.

துவக்கைத் துடைப்பது, தோட்டாவைப் பிரித்து அடுக்குவது, லைசன்ஸைச் சரி பார்ப்பது எல்லாம் ஒரு மாதத்தில் உங்களுக்கு வந்துவிடும். அதைச் சொல்ல நான் இந்த முழங்கால் வலியோடு மலையேறி வரவில்லை. வருகிறவர் என்ன கேட்கிறார் என்று எல்லாரும் கவனிப்போம். என்ன பதில் வேண்டும் என்று கேட்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சில பேரிடம் அது சுலபம். மரக்கறித் தோட்டக்காரர் ஒருவர் ஒரு நாள் வந்து லைசன்ஸைக் கவுண்டரில் அறைந்து வைத்தார். தோட்டா வேண்டும். லைசன்ஸில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காதில் போன், போனில் தம்பியோடு வேலித் தகராறு. "இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாக்குறேன்டா!" என்று கத்திக்கொண்டே என் பக்கம் கையை நீட்டுகிறார். நான் அலமாரியைப் பார்த்துத் திரும்பினேன். பின் மேசையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, "அடடா, சாவிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேனே!" என்றார். சாவிக்கொத்து அவர் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "ஆளு அனுப்பியிருக்கேன், உக்காருங்க, தேத்தண்ணி குடிங்க" என்று உட்கார வைத்தார். சாவி அன்றைக்கு வரவே இல்லை. அடுத்த கிழமை அதே ஆள் சாந்தமாக வந்து, "சாவி கெடைச்சிருச்சுங்களா மொதலாளி?" என்று தலையைச் சொறிந்தார். "நேத்துதான் கெடைச்சுச்சு" என்று சொல்லி முதலாளி அலமாரியைத் திறந்தார்.

கத்துகிறவனைக் கண்டுபிடிக்க நீங்கள் எதுவும் படித்துவிட்டு வர வேண்டாம். கத்தாமல் கேட்கிறவர்களிடம்தான் கவனம் வேண்டும். யோகேஸ்வரி கத்தவில்லை.

அன்று சனிக்கிழமை, விடாத மழை. அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். மடக்கிய குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, "அக்கா, மருந்து நனைஞ்சா வேலை செய்யாது தானேங்க?" என்றாள்.

வழக்கம் போல என் கை பாமசிப் பக்கம் நீண்டது. "அடுத்த கடை" என்று சொல்லியும்விட்டேன். அவள் நகரவில்லை.

"இல்லீங்க, இங்கதான் வந்தேன். துவக்குக் கடையில ஒரு பொம்பள இருக்காங்கன்னு சொன்னாங்க, அதான். துவக்குக்குள்ள போடுற மருந்த கேக்குறேன். மழைல கெடந்தா செத்துப்போயிடும் தானே? வெடிக்காது தானே?"

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் வெடியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பழைய தோட்டா வெடிக்குமா, இந்தத் தூரத்துக்குப் போகுமா, பன்றி விழுமா என்பார்கள். எல்லாருக்கும் வெடிக்க வேண்டும். வெடிக்கக் கூடாது என்று ஆசைப்பட்டுக் கேட்டு வந்த முதல் ஆள் இவள்தான். அந்தத் 'தானே'யில் ஒரு கெஞ்சல் இருந்தது. இன்னொன்றும் எனக்கு உறைத்தது. தோட்டா நனைந்துவிட்டால் ஜனங்கள் அதைத் துணியில் முடிந்து கையோடு கொண்டுவருவார்கள். இவள் கையில் குடையைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஆமாம்மா, நனைஞ்சா வெடிக்காது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் முகம் மலர்ந்திருக்கும், கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பாள். வருகிறவர்களைச் சந்தோஷப்படுத்தி அனுப்புவதுதானே கடைக்காரர் வேலை? அந்த 'ஆமா' என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு, "நனைஞ்சது இப்ப எங்க இருக்கு தங்கச்சி?" என்று கேட்டேன்.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். முதலாளியைத் தவிர யாரும் இல்லை. கவுண்டர் பலகையைத் தூக்கி அவளை உள்ளே அழைத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

கதை இதுதான். அவள் புருஷன் லயத்துக்கு மேலே, காட்டோரத்தில் உருளைக்கிழங்கு போட்டிருந்தார். காட்டுப் பன்றி வந்து கிளறிப் பாழாக்கிவிட்டது. மனுஷன் ஆத்திரத்தில் எங்கேயோ ஒரு கட்டுத்துவக்கு தேடிப் பிடித்து, பன்றி வருகிற தடத்தில் கம்பி இழுத்துக் கட்டிவிட்டார். கட்டுத்துவக்கு என்றால் தெரியும்தானே? அதற்கு ஆள் வேண்டாம். கம்பியில் கால் பட்டால் தானாக வெடிக்கும். பன்றியின் காலா மனுஷர் காலா என்று அது பார்க்காது. கட்டிய கையோடு கொழும்பில் ஹோட்டல் வேலை கிடைத்ததென்று கிளம்பிப் போய்விட்டார். பெண்டாட்டியிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நேத்து ராத்திரி போன்ல பேசினப்ப, நாளைக்கு மேல காட்டோரம் விறகுக்கு போறோம்னு சும்மா சொன்னேங்க. அப்பத்தான் சொன்னாரு. நீ மட்டும் போயிறாத, அங்க கட்டியிருக்கேன்னாரு. அப்ப மத்தவங்கன்னு கேட்டேன். இந்த மழைக்கு நனைஞ்சிருக்கும், வெடிக்காது, யாருகிட்டயும் சொல்லிறாதன்னாரு. விடிய விடிய தூக்கமில்லக்கா. அதான் இன்னைக்கு பேரையும் விட்டுட்டு பஸ் ஏறி வந்தேன்."

பேரை விடுவது என்றால் அன்றைய நாள் சம்பளத்தை விடுவது. தோட்டத்துக்காரர்களுக்கு அது என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"இன்னைக்கு யாரெல்லாம் போறாங்க?"

"அரைநாள்தானேங்க. மத்தியானம் தராசுல கொழுந்து நிறுத்ததும் பொம்பளைங்க எல்லாம் கிளம்பிருவாங்க. எங்கக்கா தனமும் போவா. நாங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் அண்ணன் தம்பியத்தான் கட்டியிருக்கோம். காலையில போகாதக்கான்னு சொல்லிப் பாத்தேன். அடுப்புக்கு ஒன் காலையா வைக்கிறதுன்னு சிரிச்சிட்டு போயிட்டா."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கொழுந்து நிறுக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பஸ் ஏறிப் போய்ச் சேர்வதெல்லாம் நடக்காது. போனில்தான் நிறுத்த வேண்டும். "கங்காணிக்கு போன் போடு" என்றேன்.

"போட்டு என்னன்னு சொல்றதுங்க? துவக்குன்னு சொன்னா பொலிஸு வந்து அவர தூக்கிட்டு போயிடும். லயத்தையும் புடுங்கிக்குவாங்க. புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?"

எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. பெரிய மூளைக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். "குளவி கலைஞ்சிருக்குன்னு சொல்லிடு! ஒருத்தி அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டா."

தோட்டத்தில் குளவி என்ற சொல்லுக்கு இருக்கிற மரியாதை துரைக்குக்கூட இல்லை. அவள் முகமும் தெளிந்தது, போனை எடுத்தாள். பின் மேசையில் ரேடியோ நின்றது.

"குளவின்னா என்ன செய்வாங்க?" என்றார் முதலாளி.

"ஓடுவாங்க."

"பொறகு?"

பிறகு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பெண்களைக் கீழே இறக்கிவிட்டு, ஆம்பிளைகள் பந்தம் கட்டிக்கொண்டு கூட்டைக் கொளுத்த மேலே போவார்கள். நேராகக் கம்பிக்கு. யோகேஸ்வரி மெதுவாக, "அப்ப புலி நிக்குதுன்னு சொல்லலாமா?" என்றாள். "நல்லாச் சொன்னே போ! புலின்னா படம் எடுக்க ஊரே போன தூக்கிக்கிட்டு ஓடும்" என்றேன். என்ன பொய் சொன்னாலும் அந்த இடத்துக்கு யாராவது ஒருவர் போகத்தான் செய்வார்.

முதலாளி எழுந்து வந்து கவுண்டரில் கையை ஊன்றி நின்றார். "நெசத்த சொன்னாத்தான் ஒருத்தரும் போக மாட்டாங்கம்மா. கழட்டத் தெரிஞ்ச ஆளு பொலிஸுலதான் இருக்கான். அவங்களுக்கு நான் சொல்லித்தான் ஆகணும், ஒளிக்க மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒன் புருஷன்கிட்ட எடத்த கேளு. எந்தப் பக்கம்னு தெரியாம யாரையும் திருப்ப முடியாது."

அவள் புருஷனை அழைத்தாள். நான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்.

"அதான் நனைஞ்சிருக்கும்னு சொன்னேன்ல? வேலை நேரத்துல ஏன்டி உசுர வாங்குற?"

"எந்த எடத்துல கட்டினீங்க, அத சொல்லுங்க."

"எடம் என்னாத்துக்கு? அது செத்த துவக்குடி. ஒண்ணும் ஆகாது."

எனக்கு வந்த கோபத்தில் போனைப் பிடுங்கி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்குள் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலை ஏற்றாமல் சொன்னாள்.

"சரிங்க. செத்த துவக்குதானே. வீட்டுக்கு போனதும் நானே மேல போயி அவுத்து எடுத்துட்டு வந்துடுறேன்."

"ஐயோ! கிட்டப் போகாதடி! போகாத, போகாத!"

கடையில் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிட்டது. நனைந்ததா இல்லையா என்று அவருக்கும் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். பிறகு அவரே, "தண்ணி புடிக்கிற பீலிக்கு மேல, சாஞ்ச கருப்பந்தேயில மரத்துக்கு வலப்பக்கம்" என்றார். "பொலிஸுக்கு சொல்லப்போறீயா?" என்று கேட்டார். அவள் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

கங்காணிக்கு அவள்தான் பேசினாள். நான் பேசவா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். "ஐயா, யாரையும் மேல விறகுக்கு விடாதீங்க. எங்க வீட்டுக்காரரு துவக்கு கட்டியிருக்காரு. பீலிக்கு மேல. பாக்கவும் யாரும் போகக் கூடாது." இதே வார்த்தைகள். மழுப்பவில்லை, யாரோ கட்டிவிட்டார்கள் என்று சொல்லவில்லை.

கங்காணி நல்ல மனுஷர். திட்டி நேரத்தை வீணாக்கவில்லை. "எல்லாம் தராசடியிலதான் நிக்கிறாங்க" என்றவர், உடனே, "ஏய், தனம் எங்கடி?" என்று யாரையோ கேட்டார். தனம் முதல் ஆளாகக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கயிற்றையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். அவளிடம் போன் கிடையாது.

கங்காணி போனை அணைக்க மறந்துவிட்டார். ஹட்டன் பஸாரில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் எல்லாவற்றையும் கேட்டோம். மழைச் சத்தம். ஓடுகிற சத்தம். பிறகு தேயிலை முடிகிற எல்லையில் நின்று பெண்கள் எல்லாம் சேர்ந்து கூப்பிடுகிறார்கள். "தனம்! ஏ தனம்! நின்ன எடத்துலயே நில்லு! தனம்!" பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார்கள். பதில் இல்லை. யோகேஸ்வரி என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. பாமசிக்கு வந்த ஒருவர் வழி தவறி ஏறி வந்து, "மருந்து..." என்று ஆரம்பித்தார். முதலாளி கையைக் காட்டி அவரை அப்படியே நிறுத்தினார். பாவம், அவரும் எங்களோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்கேயோ தூரத்தில் ஒரு குரல்: "என்னாங்கடி, கெடந்து கத்துறீங்க?"

"அசையாத! வந்த வழியிலேயே திரும்பி வா! துவக்கு கட்டியிருக்கு!"

அவள் இறங்கி வந்துவிட்டாள் என்று கங்காணி சொன்ன பிறகுதான் முதலாளி பொலிஸுக்குப் போன் செய்து, சிங்களத்தில் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். அந்த வழி தவறிய மனுஷரை நானே குடை பிடித்துப் பாமசியில் கொண்டுபோய் விட்டேன். எனக்கும் கொஞ்சம் காற்று வேண்டியிருந்தது.

பின்னேரம் பொலிஸிலிருந்து ஆட்கள் வந்து கழற்றினார்கள். உள்ளே மருந்து கஞ்சியாகக் குழைந்து கிடந்ததாம். வெடித்திருக்காது.

அந்தப் புருஷன் மறுநாளே வந்து சரணடைந்தார். கொஞ்ச நாள் உள்ளே இருந்தார், தண்டப் பணம் கட்டினார், கொழும்பு வேலையும் போனது. லயத்தைப் பிடுங்கவில்லை, அந்த மட்டும் புண்ணியம். ஆனால் ஜனங்கள் வாய் சும்மா இருக்குமா? நனைந்த துவக்குக்குப் புருஷனை உள்ளே தள்ளினவள் என்று பஸ்ஸில் பேசிக்கொள்வது என் காதுக்கே வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் முதலாளியிடம், "அது எப்படியும் வெடிச்சிருக்காது மொதலாளி" என்றேன்.

"அன்னைக்கு மத்தியானம் அது ஒனக்கு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு ரேடியோவைப் போட்டுக்கொண்டார். நீங்களும் இங்கே நிற்கப்போகிற காலம் முழுக்கத் தெரியாமல்தான் முடிவு எடுக்கப்போகிறீர்கள். வெடிக்குமா என்று யார் கேட்டாலும் வெடிக்கும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். பிறகு அது வெடிக்காமல் போனால், ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள்.

தை பிறந்து வெயில் காய்ந்த ஒரு நாள் யோகேஸ்வரி படியேறி வந்தாள். ஏசத்தான் வந்திருக்கிறாள், ஏசட்டும் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"அன்னைக்கு நீங்க நனைஞ்சா வெடிக்காதுன்னு சொல்லியிருந்தா நான் பஸ் ஏறிப் போயிருப்பேங்க" என்றாள்.

"ஆமா."

"அவரும் உள்ள போயிருக்க மாட்டாரு."

"ஆமா" என்றேன்.

"அவரு இப்ப பரவாயில்ல, பேசுறாரு. எங்கக்காதான் பேசுறதில்ல. கொழுந்தன ஜெயிலுக்கு அனுப்பி குடும்ப மானத்த வாங்கிட்டேனாம். பீலியில பாத்தா மூஞ்சிய திருப்பிக்கிறா. லயத்துல இந்தப் பக்கத்து காமராவுல நான், அந்தப் பக்கம் அவ. ஒரு செவுருதான். ஒரு வார்த்தை இல்ல."

"அப்படியெல்லாம் ஆகும்னு நான் நினைக்கலம்மா" என்றேன்.

அவள் குடையைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு, சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

"நீங்க ஏங்கக்கா மூஞ்சிய அப்படி வச்சிக்கிறீங்க? பேசாட்டிப் போறா. பேசாம இருக்கிறதுக்கு அவ இருக்கால்ல."